உஷார்! ‘லிமா – 1 இரவு’ என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள்

பெரு நாட்டுக்கு டிக்கெட் போட்டுவிட்டீர்களா? மச்சு பிச்சு, குஸ்கோ, டிட்டிகாக்கா ஏரி என்று பட்டியலும் தயாரா? சந்தோஷம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா?

“அது எதுக்குங்க?” என்று திருப்பிக் கேட்பவர்கள்தான் அதிகம். அவர்களை நினைத்துத்தான் இவ்வளவு பதற்றத்தோடு எழுத வேண்டியிருக்கிறது.

தலைநகர் லிமாவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. இங்கிருந்து போகிற நம்மிடம் பெரு அரசு அந்தச் சான்றிதழைக் கேட்பதும் இல்லை. எல்லோரும் கோட்டை விடுவது அதனால்தான். கேட்கப்போவது இந்தியா. பெருவின் அமேசான் காட்டுப் பகுதிகளில் அந்தக் காய்ச்சல் இருக்கிறது. நீங்கள் காட்டுப் பக்கமே தலைவைக்காமல் கடற்கரை நகரில் மட்டும் தங்கிவிட்டு வந்தாலும், மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாட்டிலிருந்து வருகிறவர் என்றுதான் கணக்கு. அந்த நாட்டைவிட்டுக் கிளம்பி 6 நாட்களுக்குள் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் வந்து இறங்கினால், விமான நிலைய சுகாதார அதிகாரிகள் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். கெஞ்சினாலும் விடமாட்டார்கள். அவர்கள் கண்டிப்பிலும் நியாயம் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுதான் இந்தக் காய்ச்சலையும் பரப்புகிறது. அந்தக் கொசு நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது, காய்ச்சல் மட்டும் இன்னும் வரவில்லை. வந்துவிடக் கூடாது என்ற பயம் அவர்களுக்கு.

ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும். ஆகவே கிளம்புவதற்கு முந்தின வாரம் ஓடுவதில் பயனில்லை. தெரு முனை கிளினிக்கில் போட்டுக்கொள்ளவும் முடியாது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், துறைமுக சுகாதார அலுவலகம்; தெற்கே இருப்பவர்களுக்கு தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம். எந்தெந்த நாளில் போடுகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். முட்டை அலர்ஜி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 60 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் பேசாமல் போட்டுக்கொள்ள வேண்டாம். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவுக்குத் திரும்புகிறவர்களே, உங்கள் நாடுகளும் இதே சான்றிதழைக் கேட்கும்.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா அல்லது ஷெங்கன் விசா குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருந்தால், இந்தியர்கள் தனியாகப் பெரு விசா எடுக்கத் தேவையில்லை. இல்லாதவர்கள் டெல்லியில் உள்ள பெரு தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்கா வழியாகப் போகிறவர்கள் விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்கினாலும் அந்நாட்டு விசா கையில் வேண்டும். விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் போடும் முன் தூதரகத்திடமே உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி லிமா.

டூர் கம்பெனிகளின் அட்டவணையில் இந்த ஊர் எப்போதும் ‘லிமா – 1 இரவு’ என்று ஒற்றை வரியில்தான் இருக்கும். கிட்டத்தட்ட 1 கோடிப் பேர் வாழும் மாநகரம், மச்சு பிச்சுவுக்குப் போகிற வழியில் தூங்கி எழும் இடமாகச் சுருங்கிவிடுகிறது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். கொண்டுவந்த டாலர் முழுவதும், எல்லா கார்டுகளும், பாஸ்போர்ட், கேமரா, போன் அத்தனையும் ஒரே பையில் உங்களோடு இருப்பது இறங்குகிற அந்த நாளில்தான். ஒன்றரை நாள் விமானத்தில் உட்கார்ந்து, கண் சொருகி, எது இடது எது வலது என்றே புரியாமல் நிற்பதும் அதே நாளில்தான். இதை நீங்கள் யோசிக்காமல் இருக்கலாம். அங்கே இருக்கிற திருடன் யோசித்து வைத்திருக்கிறான்.

ஹோர்ஹே சாவேஸ் சர்வதேச விமான நிலையம் லிமாவுக்குள் இல்லை, பக்கத்துத் துறைமுக நகரமான கய்யாவோவில் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் தங்கும் மிராஃப்ளோரஸ், பர்ராங்கோ பகுதிகளுக்கு அங்கிருந்து காரில் போக ஒரு மணி நேரமாவது ஆகும். நெரிசல் என்றால் இன்னும் கூடும். அந்த வழியில் சிக்னலுக்குச் சிக்னல் வண்டி நிற்கும். அங்கே நடப்பதைச் சொல்கிறேன்.

காரின் பின்சீட்டில் நீங்கள். மடியில் தோள்பை. கையில் போன், வந்து சேர்ந்துவிட்டோம் என்று வீட்டுக்கு மெசேஜ் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்ட தைரியம் வேறு. இருட்டில் போன் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிறது. வண்டிகளுக்கு இடையே நடந்து வருகிற இளைஞன் ஒருவனின் விரல்களுக்கு நடுவே உடைந்த ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் சில்லு. சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும். அதைக் கண்ணாடியின் மேல் வீசி அடிக்கிறான். பெரிய சத்தமெல்லாம் வராது. அந்தப் பீங்கான் அவ்வளவு கடினமானது. காரின் பக்கவாட்டுக் கண்ணாடி ஒரு நொடியில் கல்கண்டாக உதிர்ந்து உங்கள் மடியில் கொட்டும். என்ன நடந்தது என்று புரிவதற்குள் ஒரு கை உள்ளே வந்து வெளியே போயிருக்கும். சிக்னல் அப்போதும் சிவப்பாகவே இருக்கும்.

இதற்கு அந்த ஊரில் ‘புஹியாசோ’ என்று தனிப் பெயரே இருக்கிறது. பெயர் வைக்கும் அளவுக்குப் பழகிப்போன திருட்டு. ஆகவே விமான நிலையத்திலேயே பைகள் எல்லாவற்றையும் டிக்கியில் போட்டுவிடுங்கள். தோள்பை, லேப்டாப் பை உட்பட. மடி காலியாக இருக்கட்டும். போனை எடுக்கவே எடுக்காதீர்கள். வழி டிரைவருக்குத் தெரியும். “போனைக் கீழே வையுங்கள்” என்று அவர் கையசைத்தால் எரிச்சல்படாதீர்கள், அவர் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார். அப்படியே பறித்துவிட்டாலும் கதவைத் திறந்து துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். பறித்தவன் தனியாக வந்திருக்க மாட்டான்.

எந்தக் கார் என்பது அதைவிட முக்கியம். லிமா டாக்சிகளில் மீட்டர் கிடையாது. ஏறும் முன்பே பேரம் பேசிக்கொள்வதுதான் அங்கே வழக்கம். வெளியே வந்ததும் “டாக்சி, டாக்சி, அமீகோ” என்று பெட்டியைப் பிடித்து இழுப்பவர்களோடு போகாதீர்கள். நிலையத்துக்கு உள்ளேயே அங்கீகாரம் பெற்ற டாக்சி கவுன்ட்டர்கள் இருக்கின்றன. விடுதியிடம் சொல்லி வண்டி அனுப்பச் சொல்வது அதைவிட நல்லது. ஆப் மூலம் அழைத்தால் நம்பர் பிளேட்டைச் சரிபார்க்காமல் ஏறாதீர்கள். ஊருக்குள்ளும் சாலையில் கைகாட்டி டாக்சி நிறுத்தும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். கொஞ்ச தூரம் போனதும் இன்னும் இருவர் ஏறிக்கொண்டு, ஏடிஎம் ஏடிஎம்மாகக் கூட்டிப்போய்ப் பணம் எடுக்கவைக்கும் கடத்தல் அங்கே நடப்பதுண்டு. அன்றைய வரம்பு முடிந்துவிட்டால் நள்ளிரவு தாண்டும்வரை வைத்திருந்து மறுநாள் வரம்பையும் உருவுவார்கள். எல்லாக் கார்டுகளையும் ஒரே பர்ஸில் வைக்காதீர்கள். வெளியே போகும்போது குறைந்த தொகை உள்ள ஒரே ஒரு கார்டு போதும். மாட்டிக்கொண்டால் எதிர்க்காமல் கொடுத்துவிடுங்கள், உயிரைவிடவா பணம்?

மிராஃப்ளோரஸ் அழகான பகுதி. கடலைப் பார்த்த செங்குத்துப் பாறைகளின் மேல் பூங்காக்கள், பாராகிளைடர்கள், கென்னடி பூங்காவில் யாருக்கும் பயப்படாமல் திரியும் பூனைகள். காவலும் அதிகம். அதனால் உஷார் குறையும். நடைபாதை ஓரத்தில் நின்று போனில் மேப் பார்ப்பவரை மோட்டார் சைக்கிளில் வருகிறவன் குறிவைக்கிறான். மேப் பார்க்க வேண்டுமென்றால் கடைக்குள் போய்ப் பாருங்கள். உணவகத்தில் வாசலோர மேஜையில் போனை வைக்காதீர்கள். நாற்காலி முதுகில் பையைத் தொங்கவிடாதீர்கள். பையின் வாரைக் காலில் சுற்றிக்கொண்டு உட்காருங்கள். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் உட்காருகிறார்கள்.

தனியாகப் போகும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பாரில் தானாக வந்து சிரித்துப் பேசும் பெண், நீங்கள் பார்க்காத நேரத்தில் கிளாஸில் மயக்க மாத்திரை கலப்பது அங்கே பழைய தந்திரம். விழித்தெழும்போது அறையில் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். சிலர் விழிப்பதே இல்லை. கண்ணைவிட்டு மறைந்த கிளாஸை மறுபடி தொடாதீர்கள்.

சில ஆண்டுகளாக நகரத்தின் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கிறது. மாமூல் கேட்டு பஸ் டிரைவர்களையும் கடைக்காரர்களையும் சுடும் கும்பல்கள் பெருகிவிட்டன. 2025 மார்ச்சில் ‘அர்மோனியா 10’ இசைக்குழுவின் பாடகர் பவுல் ஃப்ளோரஸ் அவர்கள் போய்க்கொண்டிருந்த பஸ்ஸிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. லிமாவிலும் கய்யாவோவிலும் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் தீனா போலுவார்த்தேயை நாடாளுமன்றம் பதவி நீக்கியது. சில நாட்களில் மறுபடியும் நெருக்கடி நிலை. இந்தக் குண்டுகள் சுற்றுலாப் பயணிகளைக் குறிவைப்பவை அல்ல. அன்றாடம் செத்துச் செத்துப் பிழைப்பது அந்த ஊரின் ஏழை டிரைவர்கள்தான். ஆனால் அதன் விளைவு உங்கள் பயணத்தையும் தொடும். பஸ் ஸ்டிரைக் என்று திடீரென்று ஊர் நின்றுபோகும். சான் மார்ட்டின் சதுக்கத்தில் ஆர்ப்பாட்டம் என்றால் பழைய நகரத்தின் பிளாசா மயோர் சதுக்கத்தைக் கம்பித் தடுப்பு போட்டு மூடிவிடுவார்கள். கூட்டத்தைப் படம் எடுக்கிறேன் என்று கிட்டே போகாதீர்கள். கண்ணீர்ப்புகைக்கு உள்ளூர், வெளியூர் தெரியாது. கிளம்புகிற வாரத்தில் நெருக்கடி நிலை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாஸ்போர்ட் நகல் எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

பழைய நகரத்தைப் பார்க்காமல் வராதீர்கள் என்றுதான் சொல்வேன். யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள இடம் அது. சான் ஃபிரான்சிஸ்கோ மடாலயமும் அதன் அடியிலுள்ள எலும்புச் சுரங்கமும் பார்க்கவேண்டியவை. பகலில் போங்கள், இருட்டும் முன் திரும்புங்கள். ஹிரோன் தே லா உனியோன் கடைத்தெருவில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். பிளாசா மயோர் சதுக்கத்திலிருந்து நாலு தெரு தள்ளினால் பாரியோஸ் ஆல்த்தோஸ். அங்கே வழி தவறிக்கூடப் போகக் கூடாது. எதிரே சிலுவையோடு தெரியும் சான் கிறிஸ்டோபால் குன்றின் மேல் கொஞ்சக் காசுக்குக் கூட்டிப்போகிறேன் என்று பஸ்காரர்கள் கூவுவார்கள். 2017 ஜூலையில் அந்தக் குன்றுப் பாதையில் சுற்றுலா பஸ் கவிழ்ந்து பலர் செத்தார்கள். நான் ஏறமாட்டேன், உங்களையும் ஏறச் சொல்லமாட்டேன்.

பணத்துக்கு வருவோம். கள்ள டாலர் அச்சடிப்பதில் பெரு உலகப் பிரசித்தம். 2016 நவம்பரில் அமெரிக்க சீக்ரெட் சர்வீஸும் பெரு போலீசும் சேர்ந்து நடத்திய ஒரே சோதனையில் 3 கோடி டாலர் கள்ள நோட்டு சிக்கியது. உள்ளூர் நாணயமான சோலிலும் கள்ள நோட்டு தாராளம். அங்கே பழக்கடைப் பெண்மணி நோட்டை வாங்கியதும் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். முதலில் கட்டை விரலால் எழுத்துகளை வருடுவார், சொரசொரப்பு தட்டுகிறதா என்று. அடுத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கி நீர்க்குறியைப் பார்ப்பார். பிறகு சாய்த்துச் சாய்த்து, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார். தொடு, பார், சாய் என்று நாட்டின் மத்திய வங்கியே மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. யாரும் தப்பாக நினைப்பதில்லை. நீங்களும் மிச்சம் வாங்கும்போது கூச்சப்படாமல் இதையே செய்யுங்கள்.

இன்னொரு தந்திரம் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. டாக்சிக்காரரிடம் 100 சோல் நோட்டை நீட்டுவீர்கள். வாங்கிக் குனிந்து பார்த்துவிட்டு, “இது கள்ள நோட்டு, வேறு கொடுங்கள்” என்று திருப்பித் தருவார். அவர் திருப்பித் தந்தது உங்கள் நோட்டே அல்ல. பெரிய நோட்டுகளை விடுதியிலோ சூப்பர்மார்க்கெட்டிலோ மாற்றி, 10, 20 சோல்களாக வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் சட்டைக்கு மேல் கையில்லா மேலங்கி மாட்டிக்கொண்டு டாலர் மாற்றுகிறவர்கள் நிற்பார்கள். அவர்களைவிட வங்கியோ, பெரிய கடைவளாகத்தில் உள்ள ஏடிஎம்மோ உத்தமம். இங்கிருந்து டாலர் வாங்கிப் போகும்போது புத்தம்புது நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். ஓரம் துளி கிழிந்திருந்தாலும், பேனாக் கிறுக்கல் இருந்தாலும் அங்கே வாங்க மாட்டார்கள்.

சாப்பாட்டில் லிமாவுக்கு இணையான ஊர்கள் உலகில் குறைவு. இருந்தும் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பல் தேய்க்கவும் பாட்டில் தண்ணீர்தான். பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துப் பரிமாறும் செவிச்சே அவர்களின் பெருமிதம். எலுமிச்சை மீனின் நிறத்தை மாற்றுமே தவிர, கிருமி எல்லாவற்றையும் கொன்றுவிடாது. 1991-இல் பெருவின் கடலோர ஊர்களில் தொடங்கிய காலரா ஒரே ஆண்டில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது. ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள். அந்தக் கொள்ளைநோய் தணிந்து பல காலம் ஆகிவிட்டது. ஆனாலும் செவிச்சே சாப்பிட வேண்டுமென்றால் கூட்டம் நிற்கும் நல்ல கடையில், மதியம் மட்டும் சாப்பிடுங்கள். நல்ல செவிச்சே கடைகள் மாலைக்கு முன்பே அடுப்படியை மூடிவிடும். அந்த ஊர்க்காரர்களே ராத்திரியில் அதைத் தொடத் தயங்குவார்கள்.

சைவர்களே, “மாமிசம் வேண்டாம்” என்று சொன்னால் போதாது. அவர்கள் அகராதியில் கோழி மாமிசத்தில் சேர்த்தி இல்லை. கோழி, மீன், எலும்புச் சாறு எதுவும் வேண்டாம் என்று ஸ்பானிஷில் எழுதிவைத்துக் காட்டுங்கள். கௌசா என்று வரும் உருளைக்கிழங்கு அடுக்கின் நடுவே பெரும்பாலும் டுனாவோ கோழியோ இருக்கும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் உஷார். லோமோ சால்தாதோ மாட்டிறைச்சி வறுவல். தெருவோரம் கம்பியில் குத்திச் சுடும் அந்திகூச்சோ மாட்டின் இதயம்.

நிலநடுக்கத்தைப் பற்றி நம்மவர்கள் யாரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை. நாஸ்கா புவித்தட்டு தென் அமெரிக்கப் புவித்தட்டுக்கு அடியில் நழுவிக்கொண்டே இருக்கும் கரையில்தான் லிமா உட்கார்ந்திருக்கிறது. 1746 அக்டோபர் 28 இரவு வந்த நடுக்கத்தில் லிமா நொறுங்கியது. அடுத்து எழுந்த ஆழிப்பேரலை கய்யாவோவைத் துடைத்துவிட்டது. அங்கே இருந்த சுமார் 5,000 பேரில் 200 பேர் அளவில்தான் மிஞ்சினார்கள். 1974-இல் லிமாவைப் பெரிய நடுக்கம் ஒன்று உலுக்கியது. 2007 ஆகஸ்ட் 15-இல் தெற்கே பிஸ்கோ நகரம் விழுந்தது. 1746 அளவுக்கு இன்னொன்று வரும் என்று சொல்லித்தான் விஞ்ஞானிகள் அரசைத் தயார்படுத்துகிறார்கள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விடுதி அறைக்குள் போனதும் ஏசியைப் போடுவதற்கு முன் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். லிமா முழுக்க, கட்டடங்களுக்குள்ளும் பூங்காக்களிலும், ‘S’ போட்ட பச்சைப் பலகைகள் இருக்கும். நடுக்கம் வந்தால் ஒதுங்க வேண்டிய இடம் அது. உங்கள் மாடியில் அது எங்கே என்று பிள்ளைகளுக்கும் காட்டிவையுங்கள். பாறைக்குக் கீழே கடலை ஒட்டி ஓடும் கோஸ்டா வெர்தே சாலையிலோ கடற்கரையிலோ இருக்கும்போது பூமி பலமாக ஆடினால், சைரனுக்குக் காத்திராமல் பலகை காட்டும் பாதையில் மேட்டுக்கு ஏறுங்கள். பாறைச் சரிவை ஒட்டி நிற்காதீர்கள். ஆட்டத்தில் அங்கிருந்து கற்கள் உருண்டு விழும்.

ஏதாவது நடந்துவிட்டால் போலீஸ் 105, ஆம்புலன்ஸ் 106, தீயணைப்பு 116. சுற்றுலாப் பயணிகளுக்கென்று தனி போலீஸ் பிரிவு உண்டு. ஐபெரு என்ற அரசு உதவி மையத்தில் 24 மணி நேரமும் ஆங்கிலத்தில் பேசுவார்கள். எண் 01 574 8000. திருட்டு போனால் போலீஸ் புகார் நகலை வாங்காமல் வராதீர்கள், அது இல்லாமல் இன்சூரன்ஸ் தேறாது. பாஸ்போர்ட் தொலைந்தால் இந்தியத் தூதரகம் லிமாவிலேயே இருக்கிறது.

திரும்பும்போது பெட்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். குஸ்கோவின் உயரத்துக்கு நல்லது என்று கோகா இலைத் தேநீரை விடுதியிலேயே கொடுப்பார்கள். மிராஃப்ளோரஸ் கைவினைச் சந்தையில் கோகா மிட்டாய், தேநீர்ப் பொட்டலம் எல்லாம் கிடைக்கும். பெருவில் அது சட்டப்படி சரி. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கோகா இலையும் அடக்கம். ஒரே ஒரு பொட்டலத்தைக்கூட நினைவுப்பொருள் என்று கொண்டுவராதீர்கள். பிறர் தரும் பொட்டலத்தையும் வாங்காதீர்கள், எவ்வளவு பழகியவராக இருந்தாலும் சரி. 2013 ஆகஸ்டில் இதே விமான நிலையத்தில் இரண்டு இளம் பெண்களின் பெட்டிகளில் உணவுப் பொட்டலங்களுக்குள் சுமார் 11 கிலோ கோகெய்ன் சிக்கியது. தீர்ப்பு 6 ஆண்டு 8 மாதம் சிறை. பழைய பானை, பழைய துணி என்று சந்தையில் யாராவது ரகசியமாக நீட்டினாலும் வேண்டாம்; தொல்பொருளை வெளியே கொண்டுபோவது அங்கே குற்றம்.

கடைசி நாளில் விமானத்துக்குக் குறைந்தது 5 மணி நேரம் முன்பே மிராஃப்ளோரஸிலிருந்து கிளம்பிவிடுங்கள். 2025 ஜூனில் விமான நிலையம் புதிய முனையத்துக்கு மாறிவிட்டது. வாசலும் வேறு, போகும் சாலையும் வேறு. பழைய பயணக் குறிப்புகளிலும் புதுப்பிக்காத மேப்பிலும் பழைய வாசல்தான் இருக்கும். புதிய முனையம் என்று டிரைவரிடம் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகு ஏறுங்கள். பைகள் டிக்கியில், போன் உள்பாக்கெட்டில்.